எம்.எஸ்சி. நர்சிங்குக்குப் பிறகு: நீலகிரியிலிருந்து வேலை தேடும் செவிலியருக்கான முழுமையான வழிகாட்டி

எம்.எஸ்சி. நர்சிங் தேர்வு முடிவு வந்த வாரமே பலர் விண்ணப்பிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி, பெங்களூரில் ஒரு மருத்துவமனை, கைப்பேசியில் வந்த வளைகுடா விளம்பரம் ஒன்று என எல்லா இடத்துக்கும் ஒரே சுயவிவரம் போகிறது. நேர்முகத் தேர்வுவரை போனவர்கள்கூடச் சான்றிதழ் சரிபார்ப்பில் நின்றுவிடுவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அவர்களிடம் தகுதிக் குறைவு எதுவும் இல்லை. கடைசியாகச் செய்ய வேண்டியதை முதலில் செய்திருப்பார்கள்.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் வட்டங்களிலிருந்து விண்ணப்பிப்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். வரிசை இதுதான்: முதலில் ஆவணங்கள், அடுத்துச் செவிலியர் கவுன்சில் பதிவு, அதன் பின் எந்த வகை அனுபவத்தைச் சேர்ப்பது என்ற முடிவு, அதற்கும் பிறகே விண்ணப்பம்.

1. ஆவணங்கள் அனைத்தையும் ஒரே பெயரில் கொண்டுவாருங்கள்

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும். பல்கலைக்கழகச் சான்றிதழில் பின்னால் போயிருக்கும். பாஸ்போர்ட்டில் அதே இனிஷியல் தந்தையின் முழுப் பெயராக விரிந்திருக்கும். திருமணத்துக்குப் பின் எடுத்த ஆதாரில் கணவர் பெயர் சேர்ந்திருக்கும். நம் ஊரில் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் வெளிநாட்டுச் சரிபார்ப்பு நிறுவனத்துக்கும், மத்திய அரசுத் தேர்வின் ஆவணச் சரிபார்ப்பு மேசைக்கும் இவர்கள் நான்கு வெவ்வேறு ஆட்கள்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரையே அடிப்படையாகக் கொண்டு, மற்றவற்றை அதற்கு ஏற்ப மாற்றுவதே எளிது. ஆதாரையும் பாஸ்போர்ட்டையும் திருத்துவது சில வாரங்களில் முடியும் வேலை. பல்கலைக்கழகச் சான்றிதழைத் திருத்துவதற்கு மாதக் கணக்கில் ஆகும் என்பதால், அதில் எழுத்துப் பிழை இருந்தால் இன்றே விண்ணப்பித்துவிடுங்கள். பெயரையே மாற்றிக்கொண்டவர்களுக்கு நோட்டரி உறுதிமொழி மட்டும் போதாது. தமிழ்நாடு அரசிதழில் வெளியான பெயர் மாற்ற அறிவிப்பும் தேவைப்படும்.

கல்லூரியை விட்டு வெளியேறும் முன் மதிப்பெண் பட்டியல்கள், படிப்பு நிறைவுச் சான்றிதழ், தற்காலிகப் பட்டச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ் ஆகியவற்றோடு டிரான்ஸ்கிரிப்டையும் கேட்டு வாங்குங்கள். எந்தப் பாடத்தில் எத்தனை மணி நேரம் வகுப்பு, எந்த வார்டில் எத்தனை மணி நேரம் பயிற்சி என்பதை அந்த ஒரு ஆவணம்தான் சொல்கிறது. வெளிநாட்டு விண்ணப்பத்தில் முதலில் கேட்கப்படுவதும் அதுவே. கல்லூரிக்குப் பக்கத்தில் தங்கியிருக்கும்போது ஒரே நாளில் முடியும் இந்த வேலைக்காகப் பின்னர் மலையிலிருந்து திரும்பத் திரும்பக் கீழே இறங்க வேண்டியிருக்கும்.

2. முதுநிலைப் பட்டத்தைக் கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதிவு செய்யுங்கள்

பி.எஸ்சி. முடித்ததும் பதிவு செய்தாயிற்று, அதுவே போதும் என்று நினைப்பவர்கள் அதிகம். தமிழ்நாடு செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் கவுன்சிலில் உங்கள் பெயருக்கு எதிரே எம்.எஸ்சி. என்ற தகுதி ஏறாதவரை, பதிவேட்டைப் பொறுத்தவரை நீங்கள் இன்னும் பி.எஸ்சி. செவிலியர்தான். கல்லூரி ஆய்வுக்கு வரும் குழுவும் வெளிநாட்டு வாரியமும் பார்ப்பது அந்தப் பதிவேட்டைத்தான்.

இதோடு, இந்திய நர்சிங் கவுன்சிலின் பதிவு மற்றும் கண்காணிப்பு அமைப்பு வழங்கும் தேசியத் தனித்த அடையாள எண் உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதில் உள்ள கைப்பேசி எண் இன்னும் உங்களுடையதுதானா என்றும் பாருங்கள். படிக்கும்போது விடுதியில் பயன்படுத்திய எண்ணைப் பதிந்துவிட்டு, அது கைமாறியபின் கடவுச்சொல் பெற முடியாமல் நிற்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்.

நம் மாவட்டத்தவருக்கு இங்கே கூடுதலாக ஒரு படி உண்டு. கூடலூர், பந்தலூர்ப் பகுதியினர் மைசூரிலும் கேரளத்திலும் படிப்பது வழக்கம். ஊட்டி, குன்னூரிலிருந்து பெங்களூர் செல்பவர்களும் குறைவல்லர். பி.எஸ்சி.யைக் கர்நாடகத்திலும் எம்.எஸ்சி.யைத் தமிழ்நாட்டிலும் முடித்திருந்தால், முதலில் கர்நாடகக் கவுன்சில் பதிவு, பிறகு அங்கிருந்து தடையின்மைச் சான்று, அதன் பின் தமிழ்நாட்டில் பரிமாற்றப் பதிவு, கடைசியாகக் கூடுதல் தகுதிப் பதிவு என்ற வரிசையில்தான் போக முடியும். ஒரு படியைத் தாண்டி அடுத்ததற்கு விண்ணப்பித்தால், கட்டிய கட்டணத்தோடு விண்ணப்பம் கிடப்பில் விழும்.

பதிவைப் புதுப்பிப்பதற்கான தொடர் கல்வி நேரத்தையும் இப்போதிலிருந்தே சேர்த்துவாருங்கள். 5 ஆண்டுகளுக்கு 150 மணி நேரம் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறி. ஆண்டுக்கு 30 மணி நேரம் என்று பிரித்துக்கொண்டால் சிரமம் இல்லை. ஐந்தாம் ஆண்டின் கடைசி மாதத்தில் கருத்தரங்கு தேடி அலைவதுதான் சிரமம்.

3. வார்டு அனுபவமா, வகுப்பறை அனுபவமா என்று முதலில் முடிவெடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால், இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

நோயாளியின் அருகில் செய்த பணியும் கல்லூரியில் கற்பித்த பணியும் இரண்டு தனித்தனி வங்கிக் கணக்குகள். ஒன்றில் உள்ள இருப்பை மற்றொன்றுக்கு மாற்ற முடியாது. ஐந்து ஆண்டு ட்யூட்டராக, அதாவது கல்லூரியின் தொடக்க நிலை ஆசிரியராக, இருந்தவர் வளைகுடா மருத்துவமனைக்கு விண்ணப்பித்தால், “கடைசியாக எப்போது வார்டில் இருந்தீர்கள்?” என்பதே முதல் கேள்வியாக வரும். பத்து ஆண்டு தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர் கல்லூரிக்குப் போனால், பேராசிரியர் நிலைக்கான கற்பித்தல் அனுபவத்தில் அந்தப் பத்து ஆண்டும் வராது.

ஆனாலும் இரண்டும் சமமானவை அல்ல. வார்டிலிருந்து வகுப்பறைக்கு எந்த வயதிலும் போகலாம். அப்படிப் போகிறவரை மாணவர்களும் மதிக்கிறார்கள். வகுப்பறையிலிருந்து வார்டுக்குத் திரும்புவது இடைவெளி கூடக் கூடக் கடினமாகிவிடுகிறது. ஆகவே என் கருத்து தெளிவானது: எம்.எஸ்சி. முடித்த பின் முதல் இரண்டு ஆண்டுகள், உங்கள் சிறப்புப் பிரிவுக்கு உரிய வார்டில், முழு நேரப் பணியில் இருங்கள். மருத்துவ அறுவை நர்சிங் படித்தவர் தீவிர சிகிச்சைப் பிரிவிலும், மகப்பேறு படித்தவர் பிரசவ அறையிலும், குழந்தை நலம் படித்தவர் பச்சிளங்குழந்தைப் பிரிவிலும் இருக்க வேண்டும். நைட் டியூட்டி வேண்டாம் என்பதற்காகவே ட்யூட்டர் வேலைக்குப் போகிறவர்கள், அந்த முடிவு வெளிநாட்டு வழியையும் சேர்த்து அடைக்கிறது என்பதை அறிந்தே போகட்டும்.

வீட்டுச் சூழலால் மலையை விட்டு நகர முடியாதவர்களுக்கு இந்த இரண்டு ஆண்டுகளை எங்கே பெறுவது என்பது நியாயமான கேள்வி. ஊட்டியில் மருத்துவக் கல்லூரி 2021–22இல் தொடங்கியபின் நிலைமை முன்பு போல் இல்லை. அதோடு குன்னூர் லாலி அரசு மருத்துவமனை, கோத்தகிரி, கூடலூர் அரசு மருத்துவமனைகள், தனியார், மிஷன் மருத்துவமனைகள் உள்ளன. எஸ்டேட் மருத்துவமனையில் சேர்வதாக இருந்தால், அங்கே எத்தனை படுக்கைகள், எந்தெந்த வார்டுகள் என்று கேட்டுக்கொண்டு சேருங்கள். வெளிநோயாளிகளுக்கு மருந்து கொடுப்பதும் புண்ணுக்குக் கட்டுப்போடுவதும் மட்டுமே வேலை என்றால், சிறப்புப் பிரிவு அனுபவமாக அதைக் காட்டுவது கடினம்.

4. பணி அனுபவச் சான்றிதழை வேலையில் இருக்கும்போதே சரியாக வாங்குங்கள்

“இவர் எங்கள் மருத்துவமனையில் செவிலியராகப் பணிபுரிந்தார். நன்னடத்தை உடையவர். இவரது எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்.” லெட்டர்ஹெட்டில் மூன்று வரி, கீழே மங்கிய ஊதா முத்திரை, கையெழுத்துக்கு அடியில் பெயரும் இல்லை, பதவியும் இல்லை. இப்படிப்பட்ட சான்றிதழ்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வாழ்த்து நல்லதுதான், சான்றிதழுக்கு உதவாது.

சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, பணிபுரிந்த வார்டு, மருத்துவமனையின் மொத்தப் படுக்கை எண்ணிக்கை, முழு நேரப் பணி என்ற குறிப்பு, கையெழுத்திட்டவரின் பெயர், பதவி, நிறுவனத்தின் தொலைபேசி, மின்னஞ்சல் ஆகிய அனைத்தும் அதில் இருக்க வேண்டும். வார்டு மாறியிருந்தால் ஒவ்வொன்றுக்கும் காலம் தனித்தனியே வேண்டும். நீங்களே மாதிரி ஒன்றைத் தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு போனால், பெரும்பாலும் அப்படியே கையெழுத்திட்டுத் தருவார்கள்.

தொலைபேசியும் மின்னஞ்சலும் ஏன் என்று கேட்பார்கள். டேட்டாஃப்ளோ போன்ற சரிபார்ப்பு நிறுவனங்கள் உங்கள் சான்றிதழை நம்புவதில்லை. அதை வழங்கிய இடத்துக்கே எழுதிக் கேட்கின்றன. அங்கிருந்து பதில் வராவிட்டால் அந்த அனுபவம் இல்லாததாகவே கொள்ளப்படும். நம் பக்கம் எஸ்டேட் மருத்துவமனைகள் சில மூடப்பட்டுவிட்டன, சில கைமாறிவிட்டன. அத்தகைய இடத்தில் வேலை செய்தவர்கள் நியமன ஆணை, ஊதியச் சீட்டு, வருங்கால வைப்பு நிதிப் பதிவு ஆகியவற்றைச் சேர்த்து வைத்திருக்க வேண்டும். வைப்பு நிதிக் கணக்கில் மாதந்தோறும் விழுந்த தொகை, நிறுவனம் மூடினாலும் அழியாத சாட்சி.

5. ஆசிரியப் பணிக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

ஏணி தெளிவாகவே வகுக்கப்பட்டிருக்கிறது. இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறிப்படி, உதவிப் பேராசிரியருக்கு எம்.எஸ்சி.யோடு மொத்தம் 3 ஆண்டு கற்பித்தல் அனுபவமும், இணைப் பேராசிரியருக்கு 8 ஆண்டு அனுபவமும் அதில் 5 ஆண்டு கற்பித்தலும், முதல்வர் பதவிக்கு 15 ஆண்டு அனுபவமும் அதில் 12 ஆண்டு கற்பித்தலும் வேண்டும். எனவே எம்.எஸ்சி. முடித்து நேராக வருபவர் ட்யூட்டராகத்தான் தொடங்க முடியும். உடனே உதவிப் பேராசிரியர் பதவி தருகிறோம் என்று அழைக்கும் கல்லூரியின் நியமன ஆணையில் என்ன பதவி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பேச்சில் ஒன்றும் ஆணையில் வேறொன்றும் இருப்பது புதிதல்ல.

பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டம் இப்போது செமஸ்டர் முறைக்கு மாறியிருக்கிறது. நோயாளிக்குப் பதில் மாதிரி உருவத்தை வைத்துப் பழகும் சிமுலேஷன் ஆய்வகப் பயிற்சிக்கும் அதில் இடம் உண்டு. நீங்கள் பழைய ஆண்டு முறையில் படித்தவரானால், நேர்முகத் தேர்வுக்குப் போகும் முன் புதிய பாடத்திட்டத்தை ஒருமுறை முழுமையாகப் படித்துவிடுங்கள். மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்வார்கள். நாற்பது பவர்பாயிண்ட் பக்கங்களை ஒப்பிப்பவரைவிட, அத்தகைய ஒரு மாதிரி உருவத்தை வைத்து ஒரே ஒரு செய்முறையைத் தெளிவாகக் காட்டுபவரே தேர்வாகிறார்.

2023–24ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கை, 2014க்குப் பின் தொடங்கப்பட்ட மருத்துவக் கல்லூரிகளை ஒட்டி 157 புதிய நர்சிங் கல்லூரிகளை அறிவித்தது. ஊட்டி மருத்துவக் கல்லூரியும் அந்தக் காலத்துக்கு உட்பட்டதே. ஆகவே மாவட்ட அளவிலான ஆசிரியப் பணி அறிவிக்கைகளைத் தொடர்ந்து கவனித்து வாருங்கள்.

இனி, யாரும் வெளிப்படையாகச் சொல்லாத ஒன்று. கல்லூரிகளில் ஆய்வு நடக்கும் காலத்தில் சில கல்லூரிகளிலிருந்து தொலைபேசி வரும்: “மேடம், மூன்று நாள் மட்டும் வந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால் போதும், சான்றிதழை மட்டும் கொடுங்கள், ஆண்டுக்கு ஒரு தொகை தருகிறோம்.” கேட்பதற்குச் சுலபமான பணம். ஆனால் நீங்கள் ஒரு மருத்துவமனையில் பணிபுரியும் அதே மாதங்களில் ஒரு கல்லூரியின் ஆசிரியர் பட்டியலிலும் உங்கள் பெயர் இருந்தால், பின்னர் அந்த இரண்டு அனுபவச் சான்றிதழ்களும் ஒன்றையொன்று பொய்யாக்கும். பதிவு எண்ணும் ஆதாரும் இணையும் காலத்தில் இது மறையாது. கவுன்சில் நடவடிக்கை வந்தால் பட்டமே பயனற்றுப் போகும். மறுத்துவிடுங்கள்.

அசல் சான்றிதழ்களைக் கல்லூரியிடம் ஒப்படைக்கும் வழக்கமும் இப்படித்தான். சரிபார்ப்புக்குக் காட்டலாம், சான்றொப்பமிட்ட நகலைக் கொடுக்கலாம், அசலை விட்டுவிட்டு வரக் கூடாது. ஆண்டு நடுவில் விலக விரும்பியவர்களுக்கு, “அடுத்த ஆய்வு முடியட்டும்” என்று அசலைத் தராமல் இழுத்தடித்த கல்லூரியை நான் அறிவேன். வேறு வழியின்றிக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், எந்தெந்தச் சான்றிதழ், எந்தத் தேதியில், யாரிடம் என்று எழுதிய ரசீது வாங்குங்கள். ரசீது தர மறுக்கும் இடத்தில் சேரவே வேண்டாம்.

6. அரசுத் தேர்வுகளில் முதுநிலைக்கு உள்ள இடம்

நர்சிங் ஆபீசர் பணிக்காக எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வு, மாநிலத்தின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் தேர்வு, ரயில்வே, இ.எஸ்.ஐ. மருத்துவமனைத் தேர்வுகள் ஆகியவை பி.எஸ்சி. அல்லது டிப்ளமோ தகுதியை அடிப்படையாகக் கொண்டவை. நார்செட்டில் எம்.எஸ்சி.க்குத் தனி மதிப்பெண் கிடையாது. தேர்வில் பெறும் இடமே எல்லாம். இதைத் தெரிந்துகொண்டு எழுதினால் ஏமாற்றம் இல்லை.

நார்செட்டில் பொதுப் பிரிவினருக்கு வயது வரம்பு 30, ஓ.பி.சி.க்கு 3 ஆண்டும், எஸ்.சி., எஸ்.டி.க்கு 5 ஆண்டும் தளர்வு. எம்.எஸ்சி. சேர்வதற்கு முன் ஓராண்டுப் பணி, பிறகு இரண்டாண்டுப் படிப்பு என்று கணக்கிட்டால், முடிக்கும்போதே வயது 25 அல்லது 26 ஆகிவிடும். எனவே பணியில் இருந்துகொண்டே முதல் ஆண்டிலிருந்து எழுதத் தொடங்குங்கள். தேர்வு முதல்நிலை, முதன்மை என இரண்டு கட்டம். நர்சிங் ஆபீசர் பணி மத்திய ஊதிய நிலை 7இல் வருகிறது. அடிப்படை ஊதியம் ரூ. 44,900.

மத்தியத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் செய்யும் தவறு ஒன்று: கையில் உள்ள மாநில சாதிச் சான்றிதழையே பதிவேற்றிவிடுகிறார்கள். மத்திய அரசுக்கு உரிய படிவத்தில், கிரீமி லேயரில் (வசதி படைத்த பிரிவில்) வராதவர் என்று குறிப்பிடும் ஓ.பி.சி. சான்றிதழ் தனி. அது அறிவிக்கையில் சொன்ன காலத்துக்குள் வாங்கியதாகவும் இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தாலும் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மூன்று மேசையைத் தாண்டித்தான் வரும். கடைசி வாரத்துக்கு விடாதீர்கள்.

மாநிலத் தேர்வில் தமிழ் மொழித் தகுதித் தாள் உண்டு. அதில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் முதன்மைத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். கூடலூர், பந்தலூர்ப் பகுதியில் மலையாள வழியிலும், ஊட்டிப் பக்கம் தமிழ் இல்லாத ஆங்கிலப் பள்ளிகளிலும் படித்தவர்கள் பேச்சுத் தமிழை நம்பி இந்தத் தாளுக்குப் படிக்காமல் போகிறார்கள். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலை எடுத்து, இலக்கணப் பகுதியோடு படித்துவிடுங்கள்.

7. ராணுவ நர்சிங் சேவை

குன்னூரை அடுத்த வெலிங்டனில் ராணுவ மருத்துவமனை இருப்பதால் இந்தச் சேவை நம் பகுதிப் பெண்களுக்குப் புதிதல்ல. குறுகிய காலப் பணிக்கு 2023 இறுதியில் வந்த அறிவிக்கை, எம்.எஸ்சி., போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. (டிப்ளமோ செவிலியர் பின்னர் படிக்கும் பட்டம்), பி.எஸ்சி. ஆகிய மூன்றையும் தகுதியாக ஏற்றது, வயது 21 முதல் 35 வரை, பெண்களுக்கு மட்டும். கணினி வழித் தேர்வு, நேர்முகத் தேர்வு, மருத்துவப் பரிசோதனை என்ற வரிசையில் தேர்வு நடக்கும். தேர்வானவர் லெப்டினன்ட் பதவியில் சேர்வார். 30ஐக் கடந்துவிட்டோமே என்று நார்செட்டை நினைத்து வருந்துபவர்கள் இதைக் கவனிக்கலாம். வெலிங்டனிலேயே பணி கிடைக்கும் என்ற எண்ணத்தில் மட்டும் விண்ணப்பிக்க வேண்டாம்; நாட்டின் எந்த மூலைக்கும் அனுப்பப்படலாம்.

8. உங்கள் சிறப்புப் பிரிவு திறக்கும் கதவுகள்

எம்.எஸ்சி.யின் உண்மையான பயன் இங்கேதான் தெரிகிறது. ஆயினும் பெரும்பாலோர் தங்கள் பிரிவின் பெயரைச் சுயவிவரத்தில் ஒரு வரியாக எழுதிவிட்டுக் கடந்துவிடுகிறார்கள்.

மனநல நர்சிங் படித்தவர்கள்: மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மனநலச் செவிலியரை மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்துகொள்ள வழிசெய்கிறது, பதிவு செய்தவர் சட்டப்படி மனநல வல்லுநர் என்ற வரையறைக்குள் வருகிறார். கவுன்சில் பதிவு வேறு, இது வேறு. மாவட்ட மனநலத் திட்டம், போதை மீட்பு மையங்கள், மனநல மறுவாழ்வு இல்லங்கள் ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்கும் முன் இந்தப் பதிவை முடித்துவிட்டால், வெறும் பட்டத்தோடு வருபவரைவிட நீங்கள் ஒரு படி முன்னால் இருப்பீர்கள்.

சமுதாய நல நர்சிங் படித்தவர்களுக்கு நீலகிரியைப் போன்ற களம் தமிழ்நாட்டில் அரிது. பணியர், இருளர், குறும்பர், காட்டுநாயக்கர் குடியிருப்புகளில் அரிவாள் செல் ரத்தசோகை என்ற பரம்பரை நோய் இருக்கிறது. அதை ஒழிப்பதற்கான தேசிய இயக்கம் 2023 ஜூலையில் தொடங்கப்பட்டது. பரிசோதனை முகாம் நடத்துவது, நோயுள்ளவர் ஹைட்ராக்சியூரியா மாத்திரையைத் தவறாமல் உட்கொள்கிறாரா என்று தொடர்ந்து பார்ப்பது, திருமணத்துக்கு முன் மரபணு ஆலோசனை சொல்வது ஆகியவை முதுநிலைச் செவிலியர் பொறுப்பேற்று நடத்தக்கூடிய வேலைகள். கூடலூரில் ஆதிவாசி மருத்துவமனை நடத்தும் அஸ்வினி, கோத்தகிரியில் நீலகிரி ஆதிவாசி நலச் சங்கம் போன்ற அமைப்புகள் நெடுங்காலமாக இங்கே மருத்துவப் பணி செய்கின்றன. இத்தகைய இடங்களுக்கு விண்ணப்பிக்கும்போது ஆய்வேட்டுத் தலைப்பைவிட, நீங்கள் எந்தக் குடியிருப்பில் எத்தனை மாதம் களப்பணி செய்தீர்கள், ஜீப் போகாத பாதையில் நடந்து போவீர்களா என்பதே கேட்கப்படும். ஊதியம் நகர மருத்துவமனையைவிடக் குறைவாக இருக்கலாம். பொதுநலத் துறைக்குள் செல்ல விரும்புபவருக்கு அந்த அனுபவத்தின் மதிப்பு பெரிது.

மகப்பேறு நர்சிங் படித்தவர்கள், மிட்வைஃபரியில் நர்ஸ் பிராக்டிஷனர் என்ற 18 மாதப் பயிற்சியைக் கவனிக்கலாம். சிக்கலற்ற பிரசவத்தைச் செவிலியரே பொறுப்பேற்று நடத்துவதற்கான வழி அது. தீவிர சிகிச்சையில் நர்ஸ் பிராக்டிஷனர் என்பது அதுவே ஒரு முதுநிலைப் படிப்பு என்பதால், ஏற்கெனவே எம்.எஸ்சி. முடித்தவர் மீண்டும் இரண்டு ஆண்டு செலவிடும் முன் நன்றாக யோசிக்க வேண்டும்.

எந்தப் பிரிவினருக்கும் பொதுவான வழி ஒன்றும் உண்டு. மருத்துவமனைத் தரத்துக்கான என்.ஏ.பி.எச். அங்கீகாரம் பெற முயலும் மருத்துவமனைகளுக்குத் தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர், தர ஒருங்கிணைப்பாளர், பணியிடைப் பயிற்சி அளிக்கும் நர்ஸ் எஜுகேட்டர் ஆகியோர் தேவை. நைட் டியூட்டி இல்லாமல் வார்டோடு தொடர்பும் அறுந்துபோகாத பணி வேண்டுவோருக்கு, ட்யூட்டர் வேலையைவிட இதையே நான் பரிந்துரைப்பேன். தற்போதைய மருத்துவமனையிலேயே கைக்கழுவல் தணிக்கை, சிறுநீர்க் குழாய்த் தொற்று விகிதக் கணக்கெடுப்பு, 2016ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி குப்பை பிரிப்பு ஆகியவற்றுக்குப் பொறுப்பேற்று, அந்தப் பதிவேடுகளை நேர்முகத் தேர்வில் விளக்கிச் சொல்லுங்கள்.

9. வெளிநாட்டு வழி

எம்.எஸ்சி. இருப்பதால் அங்கே உயர்பதவியில் சேரலாம் என்ற நம்பிக்கையை முதலில் கைவிட வேண்டும். பிரிட்டனில் நம்மவர்கள் பெரும்பாலும் பதிவு பெற்ற செவிலியருக்கான தொடக்க நிலையில்தான் சேர்கிறார்கள். அமெரிக்காவில் இந்திய எம்.எஸ்சி. உங்களை நர்ஸ் பிராக்டிஷனர் ஆக்காது; அதற்கு அந்நாட்டில் அதற்கென உள்ள படிப்பை முடிக்க வேண்டும். பட்டத்தின் பயன் சில ஆண்டுகள் கழித்து, பயிற்சியாளர், வார்டு மேலாளர் போன்ற பதவி உயர்வுகளில் வரும்.

வரிசை: மொழித் தேர்வு, தொழில் தேர்வு, சரிபார்ப்பு, பிறகே பணி வழங்கும் நிறுவனம். மொழித் தேர்வைப் பின்னால் தள்ளுவதே பொதுவான தவறு. பிரிட்டனுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். அகடமிக் என்ற ஆங்கிலத் தேர்வில் கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் 7, எழுதுதலில் 6.5 வேண்டும், அல்லது மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.யில் அந்த மூன்றிலும் பி, எழுதுதலில் சி பிளஸ். டிஸ்சார்ஜ் கடிதம், பரிந்துரைக் கடிதம் எழுதிப் பழகிய கைக்கு ஓ.இ.டி. எளிதாக இருக்கிறது. அதன் பின் இங்கேயே எழுதக்கூடிய சி.பி.டி. என்ற கணினி வழித் தேர்வு, அங்கு போன பின் ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு. ஜெர்மனிக்கு மொழிப் பயிற்சிக்கே நீண்ட காலம் வேண்டும். ஜெர்மன் மொழியில் பி2 என்ற உயர் இடைநிலைவரை படித்தாக வேண்டும்.

வளைகுடா நாடுகளுக்கு அண்மைக்கால வார்டு அனுபவம், பெரும்பாலும் இரண்டு ஆண்டு, முதல் நிபந்தனை. சவூதி, குவைத், ஐக்கிய அரபு அமீரகம் உள்ளிட்ட குடியேற்ற அனுமதி தேவைப்படும் 18 நாடுகளுக்குச் செவிலியரை அனுப்பும் உரிமை 2015 முதல் அரசு சார்ந்த நிறுவனங்களுக்கே உண்டு. நம் மாநிலத்தில் அது தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். மற்ற நாடுகளுக்குத் தனியார் முகவர் வழியே போகலாம். அவர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று தேடிப் பாருங்கள். பதிவு பெற்ற முகவர் பெறக்கூடிய சேவைக் கட்டணம் ரூ. 30,000, அதற்கு மேல் ஜி.எஸ்.டி. மட்டும். லட்சக்கணக்கில் கேட்டு, “சீட்டு உறுதி” என்பவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கும் காது கொடுக்காதீர்கள்.

10. பிஎச்.டி., ஆராய்ச்சிப் பணி

கல்லூரியிலேயே இருப்பது என்று முடிவு செய்தவருக்கு மட்டும் பிஎச்.டி. பொருள் தரும். பிஎச்.டி.க்கான இந்திய நர்சிங் கவுன்சிலின் தேசியக் கூட்டமைப்பு வழியாகவும், தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் போன்றவற்றின் வழியாகவும் சேரலாம். எம்.எஸ்சி. ஆய்வேட்டிலிருந்து ஒரு கட்டுரையையாவது நல்ல இதழில் வெளியிட்டபின் விண்ணப்பியுங்கள்; பணம் வாங்கிக்கொண்டு ஒரு வாரத்தில் வெளியிடும் இதழ்களால் பயனில்லை. மருந்துச் சோதனை ஒருங்கிணைப்பாளர் வேலைக்கு ஜி.சி.பி. (மருந்துச் சோதனைக்கான நன்னடைமுறை) பயிற்சிச் சான்றிதழ் அடிப்படைத் தேவை.

11. மலையிலிருந்து தேர்வுக்குப் போகும் நாள்

பெரும்பாலான தேர்வு மையங்கள் கோயம்புத்தூரில்தான் வரும். காலை ஒன்பது மணித் தேர்வுக்கு அதிகாலைப் பேருந்தை நம்புவது ஆபத்து. அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர், மேட்டுப்பாளையம் பாதையில் மண்சரிவு வரும்; கோத்தகிரி வழி திறந்திருந்தாலும் எல்லா வண்டிகளும் அதற்குத் திரும்பிவிடும். முந்தைய நாளே இறங்கிவிடுங்கள். கூடலூர்க்காரர்கள் மைசூரை மையமாகத் தேர்ந்தெடுத்தால், பந்திப்பூர் காட்டுப் பாதை இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்படும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பந்தலூர் மழையும் அதோடு சேரும். சென்னையில் ஆவணச் சரிபார்ப்பு என்றால் மேட்டுப்பாளையத்திலிருந்து இரவில் கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் வசதியானது. அழைப்புக் கடிதம் வந்த அன்றே முன்பதிவு செய்யுங்கள்.

12. பணி ஆணையில் கையெழுத்திடும் முன்

பதவியின் பெயர், எந்தப் பிரிவு, ஊதியத்தில் அடிப்படை எவ்வளவு, வைப்பு நிதி உண்டா, பாண்ட் (கட்டாயப் பணிக்கால ஒப்பந்தம்) எத்தனை ஆண்டு, நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், முன்னறிவிப்புக் காலம் எவ்வளவு, அசல் சான்றிதழ் கேட்கிறார்களா என்பவற்றை ஆணையிலேயே தேடிப் பாருங்கள். இல்லாதவற்றை மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் சொன்னது பின்னர் யாருக்கும் நினைவிருக்காது. எழுத்தில் பதில் வரும்வரை இப்போதைய வேலையில் ராஜினாமாக் கடிதம் கொடுக்க வேண்டாம். கொடுத்த பின்னும், பணி விடுவிப்பு ஆணையும் நான்காம் பகுதியில் சொன்னபடியான அனுபவச் சான்றிதழும் கைக்கு வராமல் அங்கிருந்து பெட்டியைக் கட்டாதீர்கள்.